மண் இல்லாத தட்டு

சிவப்பு

இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் எங்கள் ஆய்வுகூடப் பொறுப்பாளர் மோகன் சேரின் பேச்சு நின்றது. அதுவரை பஸ் கொண்டக்டர் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"செல்வி, இங்க வாங்க. மெதுவா வாங்க."

தட்டுகள் பறந்துவிடும் என்பதுபோல அந்த ‘மெதுவா’வைச் சொன்னார். நான் மெதுவாகவே போனேன். நடு அடுக்கில் எங்கள் பெட்ரித் தட்டுகள் வரிசையாக இருந்தன. உப்பே இல்லாதவை, ஐந்து வீதம், பத்து வீதம், இருபது வீதம். முதல் மூன்று வரிசைகளிலும் பாலாடை நிறத்தில் சில புள்ளிகள். எந்த மண்ணைத் தூவினாலும் வருகிற மாதிரியான புள்ளிகள். கடைசி வரிசையில், மற்றவை எல்லாம் தோற்றுப்போன அந்த இருபது வீத உப்பில், சிவப்பு. மாதுளை முத்தை ஊசியால் குத்தி, சாற்றைத் துளித்துளியாக வைத்ததுபோல ஒரு சிவப்பு.

இருபது வருடத்துக்கு மேல் மண்ணோடு வேலை செய்தவள் நான். மாத்தளை நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் எங்கள் மண் ஆய்வுகூடம். தேர்த் திருவிழாக் காலத்தில் நாதஸ்வரம் சன்னல் வழியே வந்து பீக்கர்களில் அதிரும். மண் என்றால் எனக்குக் கறுப்பு, கபிலம், சாம்பல். வெட்கப்பட்டதுபோல அது சிவந்து நான் பார்த்ததில்லை.

ஆய்வுகூடங்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அந்தச் சிவப்பை நாங்கள் எவ்வளவு நேசித்தோம் என்பதையும், அந்த நேசம் ஒரு வயலை எந்த விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும்.

கீழ் வயல்

அந்த மண் நாவுல என்ற ஊரிலிருந்து வந்தது. ஹனீபா நானாவின் கீழ் வயல். அறுபதை நெருங்கியவர். நானா என்றால் முஸ்லிம் வீடுகளில் அண்ணன், ஆனால் அவரைவிட மூத்தவர்களும் அவரை அப்படியே கூப்பிட்டார்கள். காணி உண்மையில் அவருடையதல்ல. மனைவி பௌசியாவுக்கு அவருடைய வாப்பா சீதனமாகக் கொடுத்தது. நானா அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, அங்கேயே தங்கி, அந்த வயலைச் செய்தவர்.

சில போகங்களாகக் கீழ் வயல் காய்ந்தால் வெள்ளை பூத்தது. நாற்றின் நுனி முதலில் மஞ்சளாகும். பிறகு யாரோ கொள்ளிக்கட்டையால் தொட்டுக்கொண்டு போனதுபோல வட்டம் வட்டமாகக் கருகும். நானா அந்த மண்ணை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு, மாத்தளை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"சேர், இது செத்த மண்ணா, மயக்கம் போட்ட மண்ணா? அத மட்டும் செல்லுங்க."

‘சொல்’ அவர்கள் பேச்சில் ‘செல்’ ஆகும். கேள்விக்குக் காரணம் இருந்தது. பக்கத்துச் செங்கல் சூளைக்காரர் கீழ் வயலின் களிமண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார். மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் இறங்கி வெட்டினால் பிறகு அது குழி. மழைக்குத் தண்ணீர் நிற்கும், நெல் நிற்காது. மண் செத்திருந்தால் கொடுத்துவிடலாம் என்று நானா நினைத்தார். மயக்கம்தான் என்றால் கொடுக்க மாட்டார்.

உப்பு இருக்கிறது என்று மீட்டர் உடனே சொல்லிவிட்டது. அது எப்போது வந்த உப்பு என்று மீட்டருக்குத் தெரியாது. மோகன் சேருக்கு அந்த இடத்தில்தான் கண்கள் மின்னின. உப்பில் வாழும் நுண்ணுயிர்களைத் தேட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஆசைப்படுவது ரிவர்ஸ்டன் மலையில் நின்று கப்பலைத் தேடுவது மாதிரி. இப்போது ஒருவர் உப்பு மண்ணைத் தாமாகவே கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறார்.

"ரெண்டு வகை இருக்கு செல்வி," என்றார் என்னிடம். "ஒண்ணு உப்ப விரும்புறது. உப்பு இல்லாட்டி செத்துப்போகும். இன்னொண்ணு உப்பப் பொறுத்துக்கிறது. இருந்தாலும் வாழும், இல்லாட்டி இன்னும் நல்லா வாழும். விரும்புறவன் குடியிருந்தா அங்க உப்பு ரொம்ப காலமா இருக்குன்னு அர்த்தம். பொறுக்கிறவன் மட்டும்னா உப்பு இப்பதான் வந்திருக்கணும். இது சட்டம் இல்ல, ஊகம்."

கடைசிச் சொல்லை அன்று அவரே அழுத்திச் சொன்னார். சிவப்பைப் பார்த்த காலையில் அந்தச் சொல் எங்கோ விழுந்துவிட்டது.

உப்புத் தண்ணீர்

உப்பு விரும்பிகளோடு வேலை செய்கிறவர்கள் பழகிய கையை மறந்துவிட வேண்டும். சாதாரண மண்ணென்றால் தண்ணீரில் கரைத்து, ஐதாக்கி, தட்டில் பரப்பி முடிப்போம். இவர்களுக்கு வெறும் தண்ணீர் நஞ்சு. ஒரு சொட்டு போதும். உடம்புக்குள் தண்ணீர் புகுந்து, ஊதி, வெடித்துவிடுவார்கள். மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு துளி நல்ல தண்ணீர் விட்டேன். அது பரவப் பரவ, குச்சிபோல இருந்தவை உருண்டைகளாகின, உருண்டைகள் மங்கின, பிறகு அங்கே ஒன்றுமில்லை. மனிதருக்கு வார்த்தால் புண்ணியம் கிடைக்கும் தண்ணீர் இவர்களைக் கொன்றுவிட்டதே என்று அன்று பகல் முழுக்க ஒரு சங்கடம் எனக்கு.

ஆகவே கரைப்பது, கழுவுவது எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர். உப்பு படிக்கணக்கில் செலவானது. போத்தலில் வரும் சுத்தமான உப்பு வேலை தொடங்குமுன்பே தீரப்பார்த்தது. புதிதாகக் கேட்டால் எப்போது வருமென்று சொல்ல முடியாது. போத்தலில் மிஞ்சியதைத் தட்டுகளுக்கான ஊட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு, மோகன் சேர் சந்தைக்குப் போய் ஒரு பை கல்லுப்போடு திரும்பினார்.

"சோடியம் குளோரைட்டுதானே செல்வி. கடையில வாங்கினா என்ன, கொம்பனியில வாங்கினா என்ன."

ஊட்டத்தை ஒட்டோகிளேவில் வைத்து அவித்துக் கிருமி நீக்கினோம். அந்தக் கிழட்டு ஒட்டோகிளேவ் ஒரு தடவைக்கு நாலைந்து போத்தல்தான் தாங்கும். அதன் மூடியும் மூச்சு விடும். கரைக்கும் உப்புத் தண்ணீரை அதில் வைக்க இடமில்லை. கல்லுப்பிலிருந்த மணலும் தும்பும் போக வடித்தாள் போட்டு வடித்தோம். போதும் என்று நினைத்தோம். அவ்வளவு உப்பில் என்ன உயிரோடு இருக்கப் போகிறது?

தேத்தண்ணி

சிவப்பு வந்து சில நாட்களில் ஹனீபா நானா வந்தார். சேர் அவரைத் தம் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். சேர் ஒரு தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், பிறந்த பிள்ளையைக் காட்டுவதுபோல.

"இது என்ட மண்ணுலயா?"

"உங்க மண்ணுலதான் நானா. பாருங்க எவ்வளவு அழகுன்னு. இவனுக்கு உப்பு இல்லாட்டி வாழ்க்கையே இல்ல."

"அப்ப உப்பு?"

"இப்படி ஒரு ஆள் குடியிருக்கான்னா, உப்பு நேத்து வந்ததில்ல. ரொம்பப் பழசு. நம்ம காலத்துல போகாது."

நானா தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மீதித் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார்.

"வடிவாத்தான் ஈக்குது," என்றார். குடையை எடுத்துக்கொண்டு போனார்.

இந்தத் தொழிலில் எங்களுக்கு நல்ல செய்தி எதுவோ அது அவருக்குக் கெட்ட செய்தி. எங்கள் தட்டு செழித்தால் அவர் வயல் கருகும். சேருக்கு அது அன்று உறைக்கவில்லை. அவர் பெயர்களை யோசித்துக்கொண்டிருந்தார். புதிய இனமாக இருந்தால் லத்தீனில் ஒரு பெயர் வைக்க வேண்டும். மாத்தளையை லத்தீனில் எப்படி வளைப்பது என்று தாளில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றிரண்டு சொன்னேன். நல்ல நாட்கள் அவை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிக நல்ல நாட்கள்.

யார் இவன்

ஒரு நுண்ணுயிரை இனம் காண்பது பெண் பார்க்கப் போவதைவிட நீண்ட விசாரணை. வடிவம் என்ன, அசைவானா, எந்தச் சாயத்தை ஏற்பான், எவ்வளவு உப்பில் தொடங்கி எவ்வளவில் நிறுத்துவான், எந்தச் சூட்டில் சுகம், எதைத் தின்பான். எல்லாம் கேட்ட பிறகும் குலம் கோத்திரம் தெரியாது. அதற்கு டீ.என்.ஏ. வேண்டும். கொழும்புக்கு அனுப்பிக் காத்திருந்தோம்.

முடிவு வந்தபோது சேர் கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார்.

"செல்வி, இவன் பக்டீரியாவே இல்ல. ஆர்க்கியா. உடம்பு ஒரே மாதிரி, பரம்பரை வேற."

அது பாதி எதிர்பார்த்ததுதான். அந்தச் சிவப்பும், தண்ணீர் பட்டதும் வெடித்த அந்த வெடிப்பும் ஏற்கெனவே சொல்லியிருந்தன. நானும் சிரித்தேன். அவர் அடுத்த வரிக்குப் போனார். இவனுக்கு மிக நெருங்கிய சொந்தக்காரர்கள் எங்கெல்லாம் கிடைத்திருக்கிறார்கள் என்ற விவரம். உப்பளம். உப்பளம். உப்பிட்ட மீன். மறுபடியும் உப்பளம்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"கடலோரத்து ஆளுக்கு நாவுல வயல்ல என்ன வேல?"

அவர் கேட்டது என்னையல்ல. அவருடைய கண் மெதுவாக அலுமாரிக்குக் கீழே போய் நின்றது. வாய் சுருட்டிக் கட்டிய பை.

"அந்த உப்பு எந்த ஊரு?"

"புத்தளம்னு போட்டிருக்கு சேர்."

புத்தளம் கடலோரத்து உப்பளங்களின் ஊர். வெயிலில் கடல்நீர் சுண்டி உப்புக் கல்லாகும்போது ஒரு துளி நீர் உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்தத் துளிக்குள் இந்தச் சிவப்பர்கள் அடைபட்டுக் கிடப்பார்கள். கல் கரையும்வரை நெடுங்காலம் உயிரோடு காத்திருப்பார்கள். இது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. சேரின் மேசையிலிருந்த கட்டுரைகளிலேயே இருந்தது. உப்பில் வாழும் உயிரைத் தேடுகிறவர்கள் நாங்கள். அந்த நாங்களே, உப்பு இருக்கும் இடத்தில் உயிர் இருக்காது என்ற அடுப்படி நம்பிக்கையில், அந்த உப்பை அப்படியே தட்டில் ஊற்றினோம்.

ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தட்டு வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். வைத்தோம். அது சுத்தமாகவே இருந்தது. ஆனால் அந்தத் தட்டில் நாங்கள் உப்புத் தண்ணீரை ஊற்றவில்லை.

அன்றைக்கே புதிய தட்டுகளில் உப்புத் தண்ணீரை மட்டும் பரப்பினேன், மண் ஒரு துகள்கூட இல்லாமல். மூடியில் எழுதினேன்: மண் இல்லாதது. ஆனால் சிவப்பு அவசரப்படாது. கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்காகும்.

இருக்கலாம்

சேர் நானாவுக்கு போன் எடுத்தார். சத்தம் கூடிய போன். நானாவின் குரல் எனக்கும் கேட்டது.

"நானா, அந்த வயல் விஷயம். கொஞ்சம் பொறுங்க."

"என்னத்துக்கு சேர்? சூளைக்காரனுக்கு வாய் குடுத்துட்டேன். வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு பெக்கோ வருது."

"நான் சொன்னது பிழையா இருக்கலாம்."

"பிழையா, இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"அப்ப பெக்கோக்காரனுக்கு என்னத்த செல்ல? ‘இருக்கலாம்’னு செல்லவா? அவன் டீசல் அடிச்சிட்டு வாறவன் சேர்."

சேர் போனை வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, தட்டு சிவக்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் முறை என்றார். ஆதாரம் இல்லாமல் ஒருமுறை சொல்லி மாட்டிக்கொண்டாயிற்று, இரண்டாவது தடவையும் அப்படியே சொல்வதா என்றார். இரண்டு தடவை அறையின் குறுக்கே நடந்தார்.

"ஆனா தட்டு சிவக்கிறப்போ வயல் இருக்காது," என்றார். "நாளைக்குப் போவோம். ஓகரையும் மீட்டரையும் எடுத்து வைங்க."

வியாழக்கிழமை காலை நாவுல பஸ்ஸில் நாங்கள் ஏறினோம். மண் துளைக்கும் ஓகரை சேர் ஈட்டிபோலப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ஒரு சிவப்புத் தட்டும் ஒரு பாலாடைத் தட்டும். அந்தப் பாலாடைப் புள்ளிகளை இத்தனை நாளும் நாங்கள் சரியாகப் பார்த்ததே இல்லை. சிவப்பு பக்கத்தில் இருக்கும்போது யார் பார்ப்பார்கள்? முந்தின நாள்தான் நான் என் பதிவுகளை மறுபடி புரட்டினேன். அவர்கள் உப்பில்லாத தட்டில்தான் மிக நன்றாக வளர்ந்திருந்தார்கள். ஐந்து வீதத்தில் கொஞ்சம் குறைவு. பத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு. இருபதில் இல்லை.

வரம்பில்

வயல் வரம்பில் நானாவும் பௌசியா தாத்தாவும் நின்றார்கள். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பிஸ்கட் டின்னைத்தான் பார்த்தார்.

"பிஸ்கட் கொண்டந்தீங்களா தங்கச்சி?"

"இல்ல தாத்தா. உங்க வயல்ல உள்ளவங்களக் கொண்டு வந்தேன்."

சேர் சுற்றி வளைக்கவில்லை.

"நானா, அன்னிக்கு நான் காட்டின சிவப்பு உங்க மண்ணுலேர்ந்து வந்ததில்லன்னு நினைக்கிறேன். நாங்க பாவிச்ச உப்புலேர்ந்து வந்திருக்கு. புத்தளத்து உப்பு."

"நெனைக்கிறீங்க."

"ஆமா. இன்னும் உறுதியில்ல."

"ஒங்கட கிருமி செல்லித்தான் நான் வாய் குடுத்தேன்."

"கிருமி ஒண்ணும் சொல்லல நானா. நான்தான் சொன்னேன். தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே சொன்னேன். அவ்வளவு லேசா சொல்லியிருக்கக் கூடாது."

நானா வெள்ளை பூத்த நிலத்தைச் செருப்பால் கீறினார். சேர் காற்சட்டையை மடித்துவிட்டு இறங்கினார். ஓகரைத் திருகித் திருகி மண் எடுத்தார். மேல் மண்ணைக் கலக்கி மீட்டரை வைத்தோம், எண் ஏறியது. ஒரு சாண் கீழே எடுத்தோம், குறைந்தது. முழங்கை ஆழத்தில் இன்னும் குறைந்தது. வேறு மூன்று இடங்களிலும் அப்படியே. உப்பு மேலேதான் இருந்தது, போர்வைபோல.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே," என்றார் பௌசியா தாத்தா.

"செஞ்சிருக்கணும்," என்றார் சேர். "நீங்க கொண்டு வந்த மேல் மண்ண மட்டும் வச்சிக்கிட்டு நான் ஆசப்பட்டுட்டேன்."

பிறகு கேட்டார்: "இந்த வயல் தண்ணி எங்க வடியும்?"

நானா கை காட்டினார். முன்பு வீதிக்குக் கீழே ஒரு குழாய் வழியாக வடியும். வீதியை உயர்த்திப் போட்டபோது குழாயும் உயர்ந்துவிட்டது. இப்போது கீழ் வயலில் தண்ணீர் நின்று, நின்ற இடத்திலேயே வெயிலில் வற்றுகிறது. வற்றிய தண்ணீர் விட்டுப் போனதுதான் அந்த வெள்ளை.

நான் டின்னைத் திறந்து பாலாடைத் தட்டைக் கொடுத்தேன். "இவங்கதான் தாத்தா உண்மையிலேயே உங்க மண்ணுல உள்ளவங்க. உப்ப விரும்புறவங்க இல்ல. பொறுத்துக்கிட்டு இருக்காங்க. உப்பு இல்லாட்டி இன்னும் நல்லா வாழ்வாங்க."

நானா தட்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"அப்ப இது வீட்டோட மாப்பிள," என்றார். "போட்டதத் தின்னுட்டு வாயப் பொத்திட்டு இருக்கிற ஆளு. என்னப் போல."

"போட்டதத் தின்னுட்டு வாயப் பொத்திட்டா?" என்றார் தாத்தா. "நேத்து ரசம் புளிச்சிட்டுன்னு பள்ளி வாசல் வரைக்கும் செல்லிட்டு வந்த ஆளு யாரு?"

சேர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் நானாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானா தட்டைத் திருப்பித் தந்தார்.

"மயக்கம்தான்னு செல்றீங்க."

"மயக்கம்னுதான் நினைக்கிறேன். தண்ணிய வடியவிட்டு ரெண்டு மழையில கழுவிப் பார்க்கணும். எழும்பலாம், எழும்பாமலும் போகலாம். நானே சூளைக்காரர்கிட்ட வந்து, பிழை என்னோடதுன்னு சொல்றேன்."

"அது சரிவராது சேர். வாய் குடுத்தது நான். ஊருக்குள்ள நான் எப்படி மொகம் காட்ட?"

வீதியில் ஒரு பஸ் போனது. பௌசியா தாத்தா வரம்பிலிருந்து இறங்கி, உதிர்ந்த வெள்ளையை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"வாய் குடுத்தது இவரு," என்றார் சேரிடம். "காணி என்ட வாப்பா எனக்குத் தந்தது. நான் யாருக்கும் வாய் குடுக்கல்ல. சூளைக்காரனுக்கு நான் செல்றேன். இவரு பக்கத்துல நின்னா போதும். வாயப் பொத்திட்டு நிக்கத்தான் தெரியுமே."

மருமகன்

வெள்ளிக்கிழமை பெக்கோ வந்தது. தாத்தா அதைத் திருப்பி அனுப்பவில்லை. வந்தது வந்ததுதான் என்று, வயல் ஓரமாக ஒரு வடிகாலை வெட்டச் சொல்லிவிட்டாராம். நானா பக்கத்தில் நின்றாராம். இதை நானாவே போனில் சொன்னார், கொஞ்சம் பெருமையோடு.

வாரங்கள் கழித்து, ‘மண் இல்லாதது’ என்று எழுதிய தட்டுகள் எல்லாம் சிவந்தன. அதே மாதுளை. சேர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லத்தீன் பெயர்கள் எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எறியவில்லை. அவனை நாங்களும் எறியவில்லை. புதியவனில்லை, நாவுலக்காரனுமில்லை, இருந்தாலும் மாதக்கணக்கில் கூட இருந்தவன். இன்றைக்கும் ஒரு தட்டில் அவனை வாழ வைக்கிறேன்.

பாலாடைக்காரரை முறையாக விசாரித்தோம். வித்துகள் உண்டாக்கும் குச்சி வடிவ பக்டீரியா. மண்ணில் பரவலாக உள்ள ஒரு பழைய குடும்பம். தாள்களில் அவருக்குப் பெயரும் எண்ணும் இருக்கின்றன. ஃபிரீசரில் உள்ள குழாயில் நான் ‘மருமகன்’ என்று எழுதியிருக்கிறேன்.

கீழ் வயல் ஒரே போகத்தில் எழும்பவில்லை. முதல் பெரும்போக மழைக்குப் பிறகு பாதி கருகியது. அடுத்ததில் ஒரு மூலை மட்டும். சேர் ஒவ்வொரு தடவையும் தாமே போய் மண் எடுத்தார், மேலும் கீழுமாக.

எங்கள் ஆய்வுகூடத்தில் வேலை தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது மண்ணல்ல. எங்கள் தண்ணீர், எங்கள் உப்பு, எங்கள் கை, எங்கள் காற்று. இவற்றை மட்டும் ஊற்றிய ஒரு தட்டு. அடுத்தவர் நிலத்தில் இன்னது இருக்கிறது என்று சொல்லும் முன், நாம் கொண்டுபோனது எது என்று தெரிந்திருக்க வேண்டும். அது சிவக்காது என்று தெரியும்வரை காத்திருங்கள். யார் வந்து எவ்வளவு அவசரமாகக் கேட்டாலும் தேத்தண்ணி மட்டும் கொடுங்கள்.

போன பெரும்போகம் முடிந்து நானா போன் எடுத்தார். எப்போதும் கேட்கும் கேள்விதான்.

"தங்கச்சி, நம்மட மருமகன் சுகமா?"

"ஃபிரீசர்ல சுகமா இருக்காரு நானா. ஆனா உங்க வயல்லேர்ந்து கடைசியா எடுத்த மண்ண உப்புத் தட்டுல போட்டுப் பார்த்தேன். ஒண்ணு ரெண்டு பேர்தான் வந்தாங்க. உப்பு குறையக் குறைய மத்தவங்க இடம் பிடிச்சிட்டாங்க போல. உப்புல நிக்கக்கூடிய ஆளத் தேடிப் பிடிக்கிறதே கஷ்டமா இருக்கு."

"அப்படியா?" என்றார். அவர் போனை விலக்கிப் பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்டது: "பௌசியா, தட்டுல ஒண்ணுமே வரல்லியாம். அல்ஹம்துலில்லாஹ்."